தெரிந்தும் சொல்லாதவர்கள்

அத்தியாயம் 9

எட்டு நாளாக நிவேதா கம்பெனியில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன புதன்கிழமை நடந்தது அப்படி. உப்பைக் கழுவிச் சுத்தம் செய்து பாக்கெட் போடும் அந்தத் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஐயப்பன், அதற்கு ஒரு மாதம் முன்னால் கேட் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார். குறை இருந்தால் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம் என்றார். அந்த ஒரு மாதத்தில் அதில் விழுந்தது ஒரே ஒரு சீட்டு. எழுதியவள் லேபில் வேலை பார்க்கும் நிவேதா. கழுவிய உப்பைத் தள்ளிக்கொண்டு போகும் கன்வேயரின் மேல் மூடியிருக்கும் இரும்பு கிரில் இற்றுப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

ஐயப்பன் அதைப் புதன்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துவிட்டு, அந்தப் பகுதி சூப்பர்வைசரைப் பார்த்து, "அப்படியாங்க?" என்று கேட்டார்.

சூப்பர்வைசர் புருஷோத்தமன். நிவேதாவின் அக்கா சுலோசனாவின் கணவன். அவன் வீட்டில்தான் அவள் தங்கியிருக்கிறாள். அவன் சொல்லித்தான் அவளுக்கு இந்த வேலையே கிடைத்தது.

"சார், ஃபேன் கீழ உக்காந்துட்டு, சாம்பிள் எடுக்க மட்டும் எறங்கி வர்றவங்களுக்கு பிளான்ட்டப் பத்தி என்ன தெரியும்? உப்புக் கம்பெனியில இரும்பு துருப்பிடிக்காம தங்கமாவா மாறும்? அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா போதும் சார்."

கூட்டத்திலிருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். ஐயப்பனும் லேசாகச் சிரித்துவிட்டுச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானத்திலிருந்து நிவேதாவுக்கு 'இன்ஜினியர் அம்மா' என்று பெயர் வந்தது.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவின் பைக்கில் போவதை மட்டும் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

"ஏன்டி, வண்டி சும்மாதானே போகுது?" என்று சுலோசனா கேட்டாள்.

"சீக்கிரம் போகணும்க்கா."

புருஷோத்தமன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நிவேதா சாம்பிள் டப்பாவோடு பிளான்ட்டுக்குள் இறங்கினாள்.

கன்வேயர் தரைக்குள் ஒரு நீளப் பள்ளத்தில் ஓடுகிறது. தொடை தண்டிக்கு ஓர் இரும்புத் திருகு சுழன்று சுழன்று ஈர உப்பை முன்னால் தள்ளும். மேலே வரிசையாக கிரில். அதன் மேல் நடந்துதான் எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவார்கள்.

மூன்றாவது கிரிலின் ஒரு மூலை இன்று தூக்கிக்கொண்டு நின்றது. வெல்டிங் விட்டுப்போயிருந்தது. அதைத் தாங்க வேண்டிய சட்டம் பாதிக்கு மேல் பொரிந்து உதிர்ந்து, விரலால் தொட்டால் கையோடு வந்துவிடும் போலிருந்தது.

நாலடி தள்ளிப் பொன்னி சிந்திய உப்பை வாரிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். கான்ட்ராக்ட் ஆள். உப்பளத்தில் வாரிச் சுமந்து முட்டி தேய்ந்த பிறகு இங்கே கூட்டுகிற வேலைக்கு வந்தவள்.

நிவேதா நின்றாள். 'அந்தப் பக்கம் போகாதீங்க' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"டேய், இன்ஜினியர் அம்மா வந்துட்டாங்க! எல்லாரும் அட்டென்ஷன்ல நில்லுங்கடா!"

பேனல் பக்கத்திலிருந்து ஆபரேட்டர் திருமுருகன். அவனோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நிவேதா கோடியில் நின்றிருந்த புருஷோத்தமனைப் பார்த்தாள். அவனுக்குக் கேட்டது. கேட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அவன் கையிலிருந்த ரிஜிஸ்டரில் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டான்.

அவள் டப்பாவில் உப்பை அள்ளிக்கொண்டு விடுவிடுவென்று மேலே ஏறிவிட்டாள்.

'அவங்களுக்குத் தெரியாததா? நான் சொல்லி, மறுபடியும் சிரிக்கணுமா? என் வேலைய நான் பாக்கறேன்.'

படியேறும்போது அவள் நினைத்தது இவ்வளவுதான். கண்ணாடிக் குடுவையில் உப்பைக் கரைத்து, அயோடின் அளவு பார்த்து, எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது பத்து இருபது.

கீழே மெஷின் ஓடும் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் கேட்டது.

திருமுருகன்தான் சிவப்பு பட்டனை அடித்தான். அதற்குள் பொன்னியின் இடது கால் கிரிலோடு பள்ளத்துக்குள் போயிருந்தது. ரப்பர் பூட் திருகில் சிக்கி முறுக்கிக்கொண்டது. ஐந்து பேர் ஸ்பேனர் போட்டுத் திருகைக் கையால் பின்னுக்குச் சுற்ற வேண்டியிருந்தது. அதுவரை புருஷோத்தமன் அவளைத் தன் மார்போடு தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஈர உப்பில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பொன்னி அவன் சட்டையைப் பிடித்திருந்த பிடியில் இரண்டு பட்டன் அறுந்து விழுந்தது.

நிவேதா லேபிலிருந்து ஓடி வந்து படியின் பாதியில் நின்றுவிட்டாள்.

மரக்காணம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். புருஷோத்தமன் ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்தான். கீழ்புத்துப்பட்டு கோயில் பக்கம் வண்டி போகும்போது கை தானாகக் கும்பிடப் போனது. என்னவென்று வேண்டுவது? கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டு கால்விரல் போய்விட்டது, கணுக்கால் எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். மறுபடி நடப்பாளா என்று கேட்டதற்கு, "முதல்ல ஆபரேஷன் முடியட்டும்" என்றார்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் பொன்னி அவனைக் கூப்பிட்டாள். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

"கோச்சுக்காதீங்க தம்பி. ஒண்ணு சொல்றேன்."

கம்பெனியில் அவள் அவனை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

"சொல்லுங்கக்கா."

"அந்த கிரில் ஆடுதுன்னு எனக்கு ஒரு மாசமா தெரியும். கூட்டுறப்ப தொடப்பம் மாட்டும். நான் ஓரமாத்தான் போவேன். இன்னிக்கு ஏதோ நெனப்புல கால வெச்சிட்டேன்."

"தெரிஞ்சா ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உங்க மச்சினிச்சி எழுதிப் போட்டுது. நீங்க அத்தினி பேர் முன்னாடி அப்படி பேசுனீங்க. படிச்ச பொண்ணு, உங்க வீட்டுப் பொண்ணு, அதுக்கே அந்தக் கதின்னா நான் யாரு தம்பி? கூட்டுறவ." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நானும் சேர்ந்து சிரிச்சேன். காலையில கூட சிரிச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிய பிறகும் புருஷோத்தமன் அங்கேயே நின்றான். யாரோ ஒரு நர்ஸ், "வழிய விட்டு நில்லுங்க" என்றாள்.

வராண்டாவுக்கு வந்து திருமுருகனுக்குப் போன் செய்தான்.

"டேய், அந்த கிரில் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எந்த கிரில் சார்?"

"கேக்கறேன்ல?"

"தெரியும் சார். மழைக்காலத்துலேர்ந்தே தெரியும். அந்த எடத்துல கால் வெக்காம தாண்டித்தான் போவோம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சோம். நீங்களும் தாண்டித்தானே போவீங்க."

புருஷோத்தமன் போனை வைத்தான்.

ஆமாம். அவனும் தாண்டித்தான் போவான். எப்போது பழகினான் என்றுகூட ஞாபகம் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய மேனேஜர் இருந்த காலத்தில், இதே கன்வேயருக்குப் புது மூடி வேண்டும் என்று அவன் கேட்டிருக்கிறான். அப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தான். ஆசையாக அளவெல்லாம் எடுத்து, ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு போனான். "சட்டைக்கு காலர் வெச்சதும் பெரிய ஆளாயிட்டியா? போய் உப்பத் தள்ளுடா" என்றார் அவர். அன்றும் கூட்டம் சிரித்தது. அந்தத் தாளை அவன் பாத்ரூமில் கிழித்துப் போட்டான். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அனுபவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போன வாரம் நிவேதாவின் சீட்டைப் படித்தபோது வந்த கோபம் எதற்கு என்று இப்போது, இந்த ஆஸ்பத்திரி வராண்டாவில், அவனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது?

இரண்டு மணிக்கு ஐயப்பன் வந்தார். டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு அவனைத் தனியாக மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது.

"ஓனர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. நாளைக்குக் காலையில ரிப்போர்ட் போகணும். சூப்பர்வைசர் ரிப்போர்ட்தான் முக்கியம்."

"என்ன சார் எழுதணும்?"

"ஓடுற மெஷின் மேல அந்த அம்மா தானா போயி கால வெச்சிட்டாங்க. போகாதேன்னு சொல்லியும் கேக்கல. அவ்வளவுதான்."

"யாரும் போகாதேன்னு சொல்லலியே சார்."

ஐயப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு மட்டும் சந்தோஷமா? கம்பெனி தப்புன்னு வந்தா பிளான்ட்டயே மூடிடுவாங்க. நாப்பது குடும்பம். அப்பறம் அந்தச் சீட்டு... அது என்கிட்ட இருக்கு. இல்லாமப் போயிடும். உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட நீங்கதான் பேசணும். யாராச்சும் கேட்டா, எழுதவேயில்லன்னு சொல்லட்டும்."

"சார்..."

"அன்னிக்கு உங்களத்தான் நான் கேட்டேன், புருஷோத்தமன். நீங்க சொன்னத நம்பித்தான் மடிச்சு வெச்சேன்."

தலையை ஆட்டினானா, சும்மா நின்றானா, அவனுக்கே தெரியவில்லை. ஐயப்பன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுலோசனாவுக்கு விஷயம் வந்தது நாலு மணிக்கு. பக்கத்து வீட்டு அஸ்வினி அதே கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். பிளான்ட்டை நிறுத்தியதால் பாக்கெட் போடுகிறவர்களை மட்டும் முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பாவம் பொன்னியக்கா. அன்னிக்கே உங்க தங்கச்சி சொன்னத கேட்டிருந்தா இன்னிக்கு கால் இருந்திருக்கும்."

"என் தங்கச்சி என்ன சொன்னா?"

அஸ்வினி திருதிருவென்று விழித்தாள். "உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரருதானே..." என்று ஆரம்பித்துவிட்டு, நிறுத்த முடியாமல் முழுவதையும் சொன்னாள்.

சுலோசனா உள்ளே வந்து, அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு நாள். மூன்று பேரும் ஒரே குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரே டிவி பார்த்திருக்கிறார்கள். ஒருத்திக்கு அவமானம், ஒருத்தனுக்கு அது தெரியும். நடுவில் இவள் 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நிவேதா ஐந்து மணிக்கு வந்தாள். கால்கூடக் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல? பெருமுக்கல்லேர்ந்து உன்ன கூட்டிட்டு வர்றப்ப அப்பாகிட்ட நான்தானே பேசினேன். என் வீட்டுல வெச்சு பாத்துக்கறேன்னு சொன்னேன். இதுதான் நான் பாத்துக்கிட்ட லட்சணமா?"

"உனக்கும் அவருக்கும் சண்டை வரும்க்கா."

"வரட்டும். வந்தா என்ன? நீ சொன்னது சரிதானே. இன்னிக்கு ஊரே உன்னத்தான் நல்லவன்னு பேசுது."

"அப்படி சொல்லாதக்கா!"

அவள் போட்ட சத்தத்தில் சுலோசனா பின்வாங்கினாள்.

"நான் நல்லவ இல்ல. காலையில நான் பாத்தேன். மூலை தூக்கிட்டு இருந்தத என் கண்ணால பாத்தேன். பொன்னியக்கா பக்கத்துலதான் இருந்தாங்க. ஒரு வார்த்தை, 'தள்ளிப் போங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிண்டல் பண்ணாங்கன்னு ரோஷப்பட்டு மேல போயிட்டேன். எனக்கு என் மூஞ்சிதான் பெருசா இருந்துது. அந்தக் கால் இல்ல."

சுலோசனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தடவப் போனாள். நிவேதா தலையை நகர்த்திக்கொண்டாள்.

வாசலில் புருஷோத்தமன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று இருவருக்குமே தெரியாது. மார்பில் பட்டன் இல்லாத சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆபரேஷன் முடிஞ்சிது. உயிருக்கு பயமில்ல" என்றான்.

அவன் உள்ளே வந்து நிவேதாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தான்.

"நிவேதா, அன்னிக்கு கூட்டத்துல நான் பேசினது..."

"விடுங்க மாமா."

"விடாத," என்றாள் சுலோசனா. "அவரு சொல்லி முடிக்கட்டும்."

புருஷோத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீ எழுதினது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் அப்படி பேசினேன். எல்லாருக்கும் தெரியும். பொன்னிக்கே தெரியும். உன்ன நான் பேசின பேச்சப் பாத்துட்டு அத்தினி பேரும் வாய மூடிக்கிட்டாங்க." சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "காலையில திருமுருகன் உன்ன கிண்டல் பண்ணது எனக்கு கேட்டுது. தலைய தூக்கல" என்றான்.

பிறகு ஐயப்பன் கேட்டதையும் சொன்னான். சீட்டு காணாமல் போகப்போவதையும் சொன்னான்.

"நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க?" சுலோசனா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"அதத்தானே எட்டு நாளா எல்லாரும் பண்ணீங்க."

அவன் எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தான். மேலே 'சூப்பர்வைசர் ரிப்போர்ட்' என்று எழுதித் தேதி போட்டான். 'மூன்றாவது கிரில் இற்றுப்போயிருப்பதாக எட்டு நாட்களுக்கு முன்பே லேப் ஊழியர் நிவேதா எழுதிக் கொடுத்தார். அது உண்மை என்று தெரிந்தும், கூட்டத்தில் அவரைக்' என்று எழுதியதும் பேனா நின்றது. வேறு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடுவது போல உட்கார்ந்திருந்தான்.

"எழுதுங்க," என்றாள் சுலோசனா.

'கேலி செய்து வாயை அடைத்தேன்' என்று எழுதினான். கையெழுத்துப் போடப் போகும்போது நிவேதா தாளைப் பிடித்தாள்.

"காலையில பத்து மணிக்கு நான் பாத்ததும் இதுல வரணும்."

"வேணாம். உனக்கு வேலை போயிடும்."

"உங்களுக்கும்தான் போகும். பொன்னியக்காவ நான் ஆஸ்பத்திரிக்குப் போயி பாக்க வேணாமா? எந்த மூஞ்சியோட போறது?"

அவள் தன் கையெழுத்திலேயே இரண்டு வரி எழுதினாள். எழுதி முடித்தபோது அழவில்லை. முகத்தில் நிம்மதியும் இல்லை. அதன் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலில் பைக் வந்து நின்றது. திருமுருகன். வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாப்பா," என்றாள் சுலோசனா.

"பரவாயில்லக்கா." அவன் நிவேதாவைப் பார்க்கவில்லை. "அண்ணா, ஒரு நிமிஷம்."

புருஷோத்தமன் வெளியே போனான். நிவேதாவும் வாசல்வரை வந்து நின்றாள்.

"நாலரை மணிக்கு ஐயப்பன் சார் எங்கள ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. டைப் பண்ணி ரெடியா வெச்சிருந்தாரு. போகாதன்னு நாங்க எல்லாரும் சொன்னோமாம், பொன்னியக்கா கேக்காம போனாங்களாம். எல்லாரும் போட்டாங்கண்ணா..." அவன் குரல் இறங்கியது. "நானும் கையெழுத்து போட்டுட்டேன்."

புருஷோத்தமனுக்குக் கை ஓங்கத் தோன்றியது. ஓங்கவில்லை. இவனுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? எதற்கும் வாயைத் திறக்காமல் நிற்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

"எத்தினி பேரு?"

"பதினோரு பேரு. மேல உங்க பேருக்கு எடம் விட்டு வெச்சிருக்காரு. நீங்க போட்டதும் ராத்திரியே ஓனருக்கு மெயில் போயிடும்னாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"ஆபீஸ்லதான். உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாரு."

மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. புருஷோத்தமன் உள்ளே போய், வேறு சட்டை மாட்டிக்கொண்டு, எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தான். பைக்கைத் தெருவுக்குத் தள்ளினான்.

"மாமா, நானும் வர்றேன்," என்றாள் நிவேதா.

'நீ எதுக்கு? நான் பாத்துக்கறேன்' என்று பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டான். பின் சீட்டில் அப்பியிருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

"ஏறு."

வண்டி திண்டிவனம் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சுலோசனா, திருமுருகனைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதாவது கேட்டுத் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை போலிருந்தது. வீட்டுக்குப் போவதா, அந்த வண்டியின் பின்னாலேயே போவதா என்று தெரியாமல், பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான்.